மேற்கோள் மேடம்

வேலூரிலிருந்து ஆம்பூர் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், ஊர் தன்னைப் பற்றி என்ன பேசுகிறது என்று கவலைப்படாமல், எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று மட்டும் கவலைப்பட்ட ஒரே மனுஷி மேற்கோள் மேடமாகத்தான் இருப்பார்.

அவர் எங்கள் கல்லூரியில் மைக்ரோபயாலஜி பேராசிரியை. நான் தமிழ் வாத்தியார். இடப் பற்றாக்குறையால் எங்கள் இரண்டு துறைக்கும் ஒரே ஓய்வறை. ஆம்பூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் போனைத் திறப்பார். அவருடைய ஆய்வுக் கட்டுரைகளை உலகத்தில் எத்தனை பேர் தங்கள் கட்டுரைகளில் மேற்கோளாக எடுத்துக்காட்டியிருக்கிறார்கள் என்று ஒரு இணையதளம் எண்ணிச் சொல்லும். அந்த எண்தான் அவருக்கு நல்ல நேரம், கெட்ட நேரம் எல்லாம்.

"ஏறிச்சா மேடம்?"

"ஒண்ணு ஏறிச்சு சார். பிரேசில்காரன். நல்லா இருக்கணும்."

ஏறாத நாளில் டிபன் கேரியரை எங்கள் பக்கம் தள்ளிவிடுவார். "நீங்களே சாப்டுங்க சார், எனக்கு இறங்காது." அதில் பெரும்பாலும் ஆம்பூர் பிரியாணி இருக்கும். அந்த எண் ஏறக் கூடாது என்று ஓய்வறையில் சிலர் வேண்டிக்கொண்டதற்கு வேறு காரணம் கிடையாது.

நாட்டிலுள்ள நுண்ணுயிர் ஆய்வாளர்களின் வரிசை அவருக்கு அத்துப்படி. "பெங்களூர்க்காரரு ரெண்டு இடம் கீழ போய்ட்டாரு சார். உடம்பு சரியில்லையோ இன்னாவோ" என்று நிஜமாகவே வருத்தப்படுவார். எனக்கும் அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தார். "பத்துப் பேப்பர் எழுதியிருக்கணும். ஒவ்வொண்ணையும் பத்துப் பேராவது எடுத்துக்காட்டியிருக்கணும். அப்பதான் உங்க இண்டெக்ஸ் பத்து."

"எங்க பழைய புலவருங்கள்ல சிலர் ஒரே ஒரு பாட்டுதான் எழுதியிருக்காங்க மேடம். ஆனா அதை எடுத்துக்காட்டாத ஆளே இல்லையே?"

கொஞ்சம் யோசித்தார். "அவங்களுக்கு இண்டெக்ஸ் ஒண்ணுதான் சார். பாவம்."

சக ஆசிரியர் ஒருவரின் அப்பா குடியாத்தத்தில் இறந்துபோனார். பறையடி காதைக் கிழிக்கிறது. துக்கத்துக்கு வந்திருந்த வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் கையில் மாலையோடு நிற்கிறார். மேடம் அவர் காதருகே போய், "சார், நம்ம குரோமியம் பேப்பர் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"அம்மா, பாடி எடுக்கப் போறாங்க."

"எடுத்தப்புறம் பாருங்க சார், அவசரமில்ல."

அந்தக் குரோமியம் பேப்பர்தான் அவருடைய உயிர். தோல் பதனிடப் பயன்படுத்தும் ரசாயனம் குரோமியம். அது மண்ணில் இறங்கி, ஆம்பூரில் அவருடைய தெருக் கிணறே மஞ்சளாகிவிட்டிருந்தது. தோல் தொழிற்சாலையில் வேலை செய்த அவருடைய அப்பா, கை கால் புண்ணோடு அந்தத் தண்ணீரைத்தான் கடைசி வரைக்கும் குடித்தார். கழிவு வாய்க்கால் ஓரத்து மண்ணிலிருந்து மேடம் ஒரு கிருமியைப் பிரித்தெடுத்து, அது குரோமியத்தைத் தின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தார்.

திடீரென்று அந்தப் பேப்பரின் எண் தறிகெட்டு ஏற ஆரம்பித்தது. பிரியாணி எங்களுக்கு அடியோடு நின்றுபோனது. நாட்டின் முன்னணி ஆய்வாளர் வரிசையில் மேடம் பெயர் வந்தது. பிரின்சிபால் வாசலில் ஆளுயர பேனர் வைத்தார், பாராட்டு விழாவும் அறிவித்தார். வாழ்த்துரை என் தலையில் விழுந்தது.

"மேடம், வெளிநாட்டுக்காரங்க உங்களைப் பத்தி இன்னா எழுதியிருக்காங்க? நல்லதா ரெண்டு வரி குடுங்க, மொழிபெயர்த்துச் சேத்துக்கறேன்."

"இருங்க சார், நான் எண்ணிக்கைதான் பாத்தேன்" என்றபடி ஒரு கட்டுரையைத் திறந்தார். அப்புறம் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"எல்லாரும் என்னைத்தான் எழுதியிருக்காங்க சார்" என்றார் மெதுவாக. "தப்புன்னு எழுதியிருக்காங்க. இவங்க யாருக்குமே அந்த முடிவு வரலயாம்."

திட்டுவதும் மேற்கோள் கணக்கில்தான் சேரும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

விழாவுக்கு முன் இருந்த நாட்களெல்லாம் ஆய்வகத்திலேயே கிடந்தார். முன்பு செய்ததையே முதலிலிருந்து செய்து பார்த்தார். விழா அன்று காலை வந்து உட்கார்ந்தார். "கிருமி தின்னல சார். அடியில கெடந்த மண்ணு குரோமியத்த இழுத்து வெச்சிருந்துது. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன். பேப்பரை வாபஸ் வாங்கறேன்னு எழுதிட்டேன்."

"பிரின்சிபால்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"விழா முடியட்டும் சார். அவரு ரொம்ப ஆசையா இருக்காரு."

ஆனால் விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வந்திருந்தவர் ஒரு தோல் தொழிற்சாலை முதலாளி. மைக்கைப் பிடித்தவர் உணர்ச்சிவசப்பட்டார். "இனிமே கழிவுத் தண்ணிய சுத்தம் பண்ண பெரிய மெஷின் இன்னாத்துக்கு? நம்ம மேடத்தோட கிருமியப் போட்டுட்டு தண்ணிய நேரா ஏரியில விடலாம்!" என்றார். கைதட்டல் ஓயவில்லை.

மேடம் எழுந்தார். "விடாதீங்க சார்" என்றார். "அந்தப் பேப்பர் தப்பு. நான் செஞ்ச தப்பு. அந்தத் தண்ணிய யாரும் குடிச்சிடக் கூடாது."

அதைத் தன்னடக்கம் என்று நினைத்த பிரின்சிபால்தான் முதலில் கைதட்டினார். கூட்டமும் தட்டியது. மேடம் மைக்கை விடாமல் திரும்பத் திரும்பச் சொன்னார். கைதட்டல் ஒவ்வொரு வரிசையாக அடங்கியது.

"இதைச் சொல்லச் சொல்லி உங்களை யார் கேட்டா மேடம்?" என்று பிரின்சிபால் பிறகு கத்தினார்.

"கேக்கறதுக்கு எங்கப்பா இல்ல சார்."

பேனர் அன்று மாலையே இறங்கியது. அடுத்த பருவத்தில் ஆய்வகம் கம்ப்யூட்டர் துறைக்குப் போனது. முதலாண்டு வகுப்புகள் மட்டும் கொடுத்து மேடத்தை ஓரங்கட்டினார்கள். வெளியூர்ப் பேராசிரியர்கள் போனை எடுப்பதில்லை. ஒரே ஒரு நாள் அவர் சிரித்ததைப் பார்த்தேன். "வாபஸ் வாங்கினப்புறமும் ஏறுது சார், அதே பேப்பரு. இந்தத் தடவ பாராட்டி எழுதறானுங்க. ஒருத்தனும் படிக்கறதில்ல போல." அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அதற்கப்புறம் அவர் அந்த இணையதளத்தைத் திறந்து நான் பார்க்கவில்லை.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. தண்ணீர்தான் காரணமா என்று கேட்டேன். "நிரூபிக்க முடியாது சார், அப்டியெல்லாம் சொல்லக் கூடாது" என்று அதட்டினார். வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு வேலூர் வருகிறார். கூட வர அவருடைய தம்பி குடும்பத்துக்கு நேரம் இல்லையாம். சனிக்கிழமைகளில் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

"எதுனா பேசுங்க சார், மிஷின் சத்தம் பேஜாரா இருக்குது" என்பார். கல்லூரி வம்பு, பஸ் கூட்டம், என் மாடிவீட்டுக்காரரின் நாய் என்று வாய்க்கு வந்ததைப் பேசுவேன். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுவார். நான் நிறுத்தினால் விழித்துக்கொள்கிறார். அதனால் நிறுத்துவதில்லை.