கால் பாய் செய்த பெஞ்சு

பிள்ளைகளே, இந்த உலகத்தில் மேசை நாற்காலிக்கெல்லாம் பாதம் வைத்த ஒரே மனிதர் எங்கள் ஆம்பூர்த் தெருவின் கால் பாய்தான்.

ஷூ கம்பெனியில் தோலை இழுத்து மாட்டுவதற்குப் பாதம் போலவே பிளாஸ்டிக் அச்சு இருக்கும். மாடல் மாறினால் அது குப்பை. பாய் அதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். உடைந்ததை அரைக்கக் கொடுத்துப் பலகையாக வாங்குவார். உடையாததை அந்தப் பலகைக்கே காலாக முடுக்குவார். அவர் வீட்டு ஸ்டூலின் பாதங்கள் நான்கு திசையும் பார்க்கும். "எந்தப் பக்கம் போறதுன்னு அதுக்கே பேஜாரு" என்பார் அவர் மனைவி.

வாசலில் பாதங்கள் மலையாகக் குவிந்தன. உள்ளே ஓர் ஊரே இருக்கிறதென்று பயந்து திருடன்கூட வரமாட்டான். நகராட்சி ஆய்வாளர்தான் வந்தார்.

"திங்கக்கிழமை லாரி வரும் பாய். எல்லாத்தையும் அள்ளிடுவோம்."

"சார், எதிர்ல கம்பெனி பஸ்ஸுக்குப் பொம்பளைங்க நின்னுட்டே கெடக்காங்க. ஒரு பெஞ்சு செஞ்சு போடறேன். தாங்குச்சுன்னா குவியலை விட்டுருங்க."

"தாங்கலைன்னா?"

"என்னையும் லாரில ஏத்திக்குங்க."

திங்கட்கிழமை லாரி உறுமிக்கொண்டு நின்றது. தெருவிலேயே கனமான பிரியாணி மாஸ்டரை உட்கார வைத்தார்கள். பெஞ்சு முனகக்கூட இல்லை. ஆய்வாளர் கைகொடுக்கப் போனார். அதற்குள் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் சாந்தி குனிந்துவிட்டாள். எங்கள் ஊரில் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைத்தான் பார்ப்போம்.

"இன்னா பாய் இது? நாலும் லெஃப்ட்டு!"

கூட்டமே குனிந்தது.

"பெஞ்சு இன்னா நடக்கவாம்மா போவுது?" என்றார் ஆய்வாளர்.

"ஜோடி சேராத பீஸை எப்டி சார் பாஸ் பண்றது?"

பாயின் முகம் தொங்கிவிட்டது. "சாந்தி சொல்றது கரெக்ட்டு. ரிஜெக்ட் பண்ணிடுங்க சார். அள்ளிக்கினு போங்க."

"யோவ், நான்தான் பாஸ்னு சொல்றேனே!" ஆய்வாளர் கெஞ்சினார். பாய் மசியவில்லை.

"இன்னாடி பாத்துனு நிக்கிறீங்க? ரெண்டு ரைட்டு தேடுங்க!" என்று சாந்தி கத்தினாள். பெண்கள் குவியலில் பாய்ந்தார்கள். ஹாரன் அடித்து அலுத்த பஸ் டிரைவரும் இறங்கித் தேடினார். கடைசியில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "ரெண்டாவது ரைட்டும் கெடச்சிடுச்சு!" என்று ஒரு பாதத்தைத் தூக்கிக் காட்டியவர் ஆய்வாளர்தான். லாரி காலியாகத் திரும்பியது.

பாய் இப்போது ஜோலார்பேட்டையில் மகள் வீட்டில் இருக்கிறார். போன் செய்தால் என் நலம் கேட்கமாட்டார். "பெஞ்சு ஆடுதா?" என்றுதான் கேட்பார். ஆடவில்லை என்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பேனரோடு போய் அதன் கால்களை முடுக்கிவிட்டு வருவது நான்தான் என்று மட்டும் சொன்னதில்லை.