சஹனில் அழுத மாப்பிள்ளை

வாய்ப்புண்ணெல்லாம் ஒரு நோயா என்று கேட்பவருக்கு அது வந்ததே இல்லை என்று அர்த்தம். எனக்கு மாதம் தவறாமல் வரும். உம்மா அதற்கு 'உடம்புச் சூடு' என்று பெயர் வைத்திருந்தார். நானும் செவ்விளநீரைக் குடித்துவிட்டு அடுத்த புண்ணுக்குக் காத்திருப்பேன். (காரணம் தேடுவதைவிட இளநீர் தேடுவது சுலபம்.)

கல்யாணமான வாரம், மடவளையில் மாமனார் வீட்டு விருந்தன்று, நாக்கோரத்தில் ஒன்றும் உதட்டுக்குள் இரண்டுமாக வந்து சேர்ந்தன. நோயாளி மாப்பிள்ளை என்று பெயரெடுக்க வெட்கம். வாயைத் திறக்காமல் போய் உட்கார்ந்தேன்.

சஹன் என்ற அந்தப் பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர். ஒரே தட்டில் சாப்பிடும்போது ஒளிய இடமில்லை. நம் பக்கத்துச் சோறு குறையாவிட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். போதாததற்கு மாமா, தான் சமைத்த இறைச்சியை என் பக்கமே தள்ளினார். மேலே மிளகாய் அச்சாற்று ஊறுகாய் வேறு.

"தின்னுங்க மகன், வெக்கப்படாதீங்க."

தின்றேன். அச்சாற்று வினாகிரியின் புளிப்பு புண்ணில் பட்டது. கண்ணீர் தாடிவரை வழிந்தது.

மாமாவின் கை அப்படியே நின்றது. "என்ன மகன்? எங்கட வீட்டுல ஏதும் கொறயா?"

நாக்கு புரளவில்லை. தலையை ஆட்டினேன். (எந்தப் பக்கம் ஆட்டினேன் என்பதில் இன்றும் சர்ச்சை உண்டு.) குசினி அடுப்படியிலிருந்து மாமி அலறினார்: "யா அல்லாஹ், எங்கட புள்ளயப் புடிக்கல்லயோ!"

ஓடிவந்த என் மனைவி பர்ஹானாவின் முகம் வெளுத்திருந்தது. அதைப் பார்த்ததும் என் வெட்கம் போய்விட்டது. எல்லோர் முன்னிலையிலும் உதட்டைப் புரட்டிக் காட்டினேன்.

ஃபோன் வெளிச்சத்தில் பார்த்தவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "எவ்வளவு காலமா இது ஈக்கிது?"

"ஸ்கூல் காலத்துல இருந்து."

"ஏன் வருதெண்டு ஒருத்தரும் பாக்கல்லயா?"

மறுநாளே கண்டிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் இரத்தம் சோதித்துவிட்டுச் சொன்னார்: "சிலருக்குக் கவலையால வரும், சிலருக்குக் கூர்ப்பல்லால. உங்களுக்கு இரும்புச் சத்துக் குறைவு. காலையில என்ன சாப்பிடுவீங்க?"

"பிளேன்டீ."

"அதோட?"

"சீனி."

பர்ஹானா என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் காலைச் சாப்பாட்டுக்காக ஒருத்தி கலங்கியது எனக்குப் புதிது.

டாக்டர் மாத்திரை தந்தார். மாமா ஈரல் தந்தார். இன்றும் சஹன் வைத்தால், பிஸ்மில்லாஹ் சொல்லுமுன் அவர், "மொதல்ல மாப்பிள்ளட வாயப் பாருங்க" என்பார். ஐந்து ஃபோன்கள் வெளிச்சம் அடிக்கும். பிறகு ஈரல் துண்டுகளெல்லாம் என் பக்கம் வந்து குவியும்.

புண் இப்போது எப்போதாவதுதான் வருகிறது. ஈரல் வாசனையே எனக்கு ஆகாது. ஆனால் அவர் தள்ளித் தரும் ஆசையைப் பார்த்தால், அதைச் சொல்ல இன்றுவரை மனம் வரவில்லை.