மூளையை மறுக்கா அளந்தவர்

“உப்பு அள்ளுற வீட்டுப் புள்ள. மூளைய அளந்துருவியா?”

ராமநாதபுரம் ஸ்கேன் சென்டரில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று டாக்டர் கேட்டது இது. வாலிநோக்கத்தில் எங்கள் குடும்பத்திலேயே முதலில் படித்தவள் நான். “அளப்பேன் சார்” என்றேன்.

எனக்குப் பக்கத்து நாற்காலி ‘மறுக்கா’வுக்கு; எதையும் ‘மறுபடி ஒருதரம்’ என்று கேட்பதால் வந்த பட்டப்பெயர். உலகத்தில் எந்த எண்ணையும் முதல் தடவையில் நம்பாத ஒரே மனிதர். மீன்கடையில் எடை போட்டதும் “மறுக்கா போடுங்க” என்பார். தன் கல்யாணத்தில் தாலி கட்டி முடித்து, மூன்று முடிச்சையும் தொட்டு எண்ணினாராம்.

எம்.ஆர்.ஐ. படத்தில் மூளை ரொட்டித் துண்டுகள்போல் அடுக்காகத் தெரியும். ஞாபகத்துக்கான பகுதியை ஒவ்வொரு துண்டிலும் மவுஸால் சுற்றி வரைந்து, எல்லாவற்றையும் கூட்டி அதன் அளவைச் சொல்வதுதான் எங்கள் வேலை. ஒருவர் அளந்ததை மற்றவர் பார்க்காமல் அளக்க வேண்டும். மறுக்கா என் எண்ணின்மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டுத்தான் உட்காருவார்.

ஒருநாள் மாரியூரிலிருந்து வயதான படகுக்காரர் ஒருவர் மகனோடு வந்தார். போன வருடத்து அளவையும் கொண்டுவந்திருந்தார். டாக்டரே அவசரமாகக் கணக்குப் போட்டு, “ரொம்பச் சுருங்கிருச்சு” என்றார். “அய்யா இனிமே கடலுக்குப் போக வேணாம்” என்று மகன் படகுச் சாவியை வாங்கிக்கொண்டான்.

நான் பார்த்தேன். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே மெஷின் விட்ட இடைவெளி கணக்கில் சேரவில்லை.

“சார், இடைவெளி விட்டுப்போச்சு. சுருங்கல.”

“எனக்கே சொல்லித் தாரியா? தப்பா இருந்தா நாளைலருந்து வராத.”

“சரி சார். அளந்து பாப்போம்.”

நான் வரைந்து முடித்ததும் மறுக்கா என் எண்ணின்மேல் பிளாஸ்திரியை ஒட்டினார். “தங்கச்சி, எண்ணச் சொல்லிராத.” ஒரு மணி நேரம் வரைந்தார். டாக்டர் நாலு தடவை கடிகாரம் பார்த்தார். பிளாஸ்திரியைப் பிரித்தால், இருவர் அளவுக்கும் மயிரிழை வித்தியாசம். போன வருடத்து அளவும் கிட்டத்தட்ட அதேதான்.

“ரெண்டும் அச்சா ஒண்ணா இருந்தாத்தான் சார் சந்தேகப்படணும். மூளை சுருங்கல, உங்க கணக்குத்தான் சுருங்கிருக்கு” என்றார் மறுக்கா. டாக்டர் பேனாவை எடுக்கும்போது, “இருங்க சார், மறுக்கா ஒருக்கா...”

“போதும்யா!” என்று கத்திவிட்டு, டாக்டர் திருத்திய அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். பெரியவர் மகனிடம் கையை நீட்டினார். “சாவியக் கொடுறா.”

போன வாரம் மதுரையில் மேற்படிப்புக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். என் வேலையை அறிந்தவர் யார் என்று கேட்ட இடத்தில் டாக்டர் பெயரை எழுதவில்லை; பக்கத்து நாற்காலிக்காரர் பெயரை எழுதினேன்.