மூல நட்சத்திரத்துக்கு ஏற்ற கேமரா எது?

பாப்பிரெட்டிப்பட்டி,
வைகாசி, வெள்ளிக்கிழமை.

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை இளம்பரிதி அவர்களுக்கு, மாமனார் மாதேஸ்வரன் எழுதிக்கொண்டது. நீங்களும் காவியாவும் பெங்களூரில் சுகமாக இருப்பீர்கள். இங்கே உங்கள் அத்தை சுகம். என் சுகம் கெட்ட கதைதான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால், நான் வாயைத் திறக்கும் முன்பே நீங்கள் ஒரு லென்ஸ் பெயரைச் சொல்லிவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் கேட்டது ஒரே கேள்வி. வயர்மேனாக இருந்த காலமெல்லாம் அண்ணாந்து கம்பியையே பார்த்தவன், ஓய்வுக்குப் பிறகுதான் கம்பிக்கு மேலே வானம் இருப்பதைக் கண்டேன், அதைப் படமெடுக்க வேண்டும், வீட்டு விசேஷத்துக்கும் ஆக வேண்டும், எந்தக் கேமரா வாங்கலாம் என்றேன். திங்கட்கிழமை, கேமராவுக்குள் வெளிச்சத்தை வாங்குகிற சென்சார் சின்னதே போதும் என்றீர்கள். புதன்கிழமை, பெரிய சென்சார் இல்லாமல் வானத்தை எடுப்பது பாவம் என்றீர்கள். நடுவில் கேமராவையே விட்டுவிட்டு அதை நிறுத்தி வைக்கிற ஸ்டாண்டைப் பற்றிப் பேசினீர்கள். உங்கள் அத்தையோ, எந்தக் கருமத்தை வாங்கினாலும் செல்போன் மாதிரி முகத்தை வெளுப்பாகக் காட்ட வேண்டும், நட்சத்திரம் எங்கேயும் ஓடிவிடாது என்கிறாள். தருமபுரியில் கடைக்காரரிடம் வானத்தை எடுக்க வேண்டும் என்றேன். வானம் என்றால் ட்ரோன்தான் சார், மண்டபத்துக்கு மேலே சுற்றிச் சுற்றி எடுக்கும் என்று அதைத் தூக்கி மேசைமேல் வைத்தார். எல்லாம் என் தலையெழுத்து.

அன்று திரும்பும்போது பஸ்ஸில் இருந்து உங்களிடம் பேசினேனே, அதுதான் வினை. டவர் கிடைக்காமல், நட்சத்திரம் தெளிவாக விழ வேண்டும், உள்ளே இருப்பதெல்லாம் தெரிய வேண்டும் என்று கத்தினேன். முன் சீட்டில் எங்கள் தெரு குள்ளம்மாள். மறுநாள் நான் பல் விளக்கி முடிக்கவில்லை, மகள் பூவிழியின் ஜாதகத்தோடு அந்தம்மா வாசலில் நிற்கிறார். பூவிழி நர்ஸ் வேலை பார்க்கிறது, தங்கமான பெண். ஆனால் மூல நட்சத்திரம். மாமனாருக்கு ஆகாதாம். மாமனாருக்கு ஆகாதது மாப்பிள்ளை சொல்லும் யோசனைதான் என்று நான் சொல்லவில்லை. வருகிற வரனெல்லாம் மூலம் என்றதும் காபிகூடக் குடிக்காமல் எழுந்து போய்விடுகிறது. மொரப்பூர் வரன் ஒன்றுதான் மிச்சம். பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துவிட்டது, பையனைப் பெற்ற ராஜாமணி அம்மா மட்டும் இழுக்கிறார்.

"அத ஒரு போட்டோ புடிச்சி, தோஷம் எந்தப் பக்கம் இருக்குதுன்னு பாத்துச் சொல்லுங்கண்ணா. இருந்தா பரிகாரம் பண்ணிக்கறோம்" என்றார் குள்ளம்மாள்.

அந்த நட்சத்திரம் வேறு, இது வேறு என்று சொல்ல வாயெடுத்தேன். வேறு இல்லையே மாப்பிள்ளை, அதேதானே. அதற்குள் செய்தி தெருவெல்லாம் பரவி, ஆயில்யம், விசாகம் என்று ஆளாளுக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள். மாரியப்பன் தன் எருமை பிறந்த நட்சத்திரத்துக்கும் ஒரு காப்பி கேட்கிறான்.

வேறு வழியில்லாமல், பழகிப் பாருங்கள் என்று நீங்கள் பஸ்ஸில் போட்டுவிட்ட உங்கள் பழைய கேமராவை, நேற்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், உளுந்து மூட்டைமேல் சாய்த்து, சித்தேரி மலைக்கு மேலே தேளின் வாலாக வளைந்து கிடக்கிற மூலத்துக்கு நேராகத் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். வானத்திலேயே கூட்டம் அதிகமான இடம் அதுதான் என்பது படம் வந்த பிறகுதான் தெரிந்தது. அரிசி மூட்டை அவிழ்ந்து கொட்டினது மாதிரி இருந்தது. குள்ளம்மாள் விரலை வைத்து வைத்துத் தோஷத்தைத் தேடினார். பூவிழி ரொம்ப நேரம் பார்த்தது.

"மூலத்துல பொறந்தவ ஒண்டியாத்தான் நிக்கணும்னு சொல்லிச் சொல்லியே வளத்தாங்க மாமா. இங்க பாத்தா நிக்கறதுக்கே எடமில்லீங்களே" என்றது.

குள்ளம்மாள் அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு காலையில் மொரப்பூருக்கு பஸ் ஏறிவிட்டார். சம்பந்தம் முறிந்தால் அந்தப் பெண்ணின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

ஆகவே முடிவாக எழுதுகிறேன். எனக்குக் கேமராவும் வேண்டாம், வானமும் வேண்டாம். உங்களுடையதை நாளைக்கே பஸ்ஸில் திருப்பி அனுப்புகிறேன். காவியாவுக்கு என் ஆசிகள். உங்களுக்கு மாதேஸ்வரன் சாமி தீர்க்காயுளும், ஒரே பேச்சில் நிற்கிற மனசும் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
மாதேஸ்வரன்.

பின்குறிப்பு: கேமராவை அனுப்பவில்லை. கவரை ஒட்டும்போது மொரப்பூரில் இருந்து போன் வந்தது. பேசியது ராஜாமணி அம்மா. மூலத்துக்குக் கொஞ்சம் மேலே சிவப்பாக ஒன்று இருக்கிறதே, அது என்ன என்று கேட்டார். கேட்டை என்றேன். அதற்கு அவர் சொன்னார்: "எம் பையன் கேட்டைங்க. ரெண்டும் சோடியா நின்னு போட்டோவே எடுத்துக்கிச்சி. இனிமே நாம பேச என்னங்க இருக்குது?" ஆவணியில் கல்யாணம். படம் நான்தான் எடுக்க வேண்டுமாம். எந்தக் கேமரா வாங்குவது என்று உடனே போன் செய்யுங்கள்.