வெள்ளி நரிக்கு விழுந்த அடி

நாகோயா, அக்டோபர் 1968

அன்புள்ள தமாயே அக்காவுக்கு,

தங்கை கினுயோ தலை குனிந்து எழுதுவது. இங்கே காற்று குளிரத் தொடங்கிவிட்டது. மாவுக்கட்டுக்குள் உன் கால் சுகமா?

‘வெள்ளி நரிகள்’ கச்சேரி வாசலில் முதலில் என் கண்ணில் பட்டது பென்சில்தான். வரிசையில் நின்ற எல்லாப் பெண்கள் கையிலும் பென்சில். நானோ பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். பாட்டுக் கேட்கவும் பரீட்சை வைக்கிறார்களோ என்று பார்த்தால், மேடையில் வீசக் கொண்டுவந்த வண்ணக் காகித நாடாச்சுருளின் நடுவில் இருக்கும் கெட்டி அட்டையைக் குத்தி வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்கள். நல்ல சுருளை ஏன் பாழாக்குகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்றவள், “ஏய், உன்னோடத எடுத்தாச்சா?” என்றாள். பேச வெட்கப்பட்டு, ஆமென்று தலையை ஆட்டிவிட்டேன்.

கால் முறிந்து கிடக்கிற உனக்காக, நீ கொடுத்த சுருளைப் பாடகர் ரியோஹெய்யிடம் சேர்த்தே தீருவேன் என்று வாக்குக் கொடுத்தவள் அல்லவா? அவர் உருகி உருகிப் பாடும்போது கண்ணை மூடிக்கொண்டு வீசினேன். சேர்ந்தது அக்கா. நெற்றியில், கெட்டி அட்டையோடு. மனுஷன் பின்னால் சாய, டிரம் உருள, அதுவும் பாட்டில் சேர்த்தி என்று நினைத்து அரங்கமே வீறிட்டது. நான் நழுவியிருப்பேன். ஆனால் சுருளின் மறுமுனையை நீ சொன்னபடியே விரலில் சுற்றிக்கொண்டிருந்தேனே! காவலாளி அவசரமே படாமல், காகிதத்தைப் பிடித்துக்கொண்டே என்னிடம் வந்து சேர்ந்தார்.

மேடைக்குப் பின்னால் மேனேஜர், “யாரும்மா நீ? எதிர்க்கோஷ்டி அனுப்பின ஆளா?” என்று கத்தினார்.

ரியோஹெய் நெற்றியில் ஈரத்துண்டோடு, “விடுங்கண்ணே, கோழிக்குஞ்சு மாதிரி நடுங்குது. உன் பேர் என்னம்மா?” என்றார்.

பயத்தில் வாயில் வந்தது உன் பெயர். தமாயே என்ற பெண்ணை இனி வாசலிலேயே நிறுத்தச் சொல்லி மேனேஜர் உத்தரவு போட்டுவிட்டார். மன்னிச்சுடு அக்கா. இனிமே கிட்டார் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கிட்டு ஓடிடுவேன். சத்தியமா சொல்றேன்.

உன் எலும்பு சீக்கிரம் கூடட்டும். அம்மாவுக்கு இது தெரியாமல் இருக்கட்டும்.

பணிவுடன்,
கினுயோ

பி.கு.: அந்த அட்டையிலேயே ‘தமாயேவுக்கு, வலியுடன், ரியோஹெய்’ என்று எழுதிக் கொடுத்தார். இதோடு வைத்திருக்கிறேன். அடுத்த மாதக் கச்சேரிக்கு நம் இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டேன். வாசலில் கேட்டால் நீயும் கினுயோதான். பென்சிலும் வாங்கிவிட்டேன்.