கெடுத்துத் தைத்த கோட்டு

மனிதன் ஆடை அணிவது மானத்தைக் காக்க என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். பதவியைக் காக்க என்பது அரசு அலுவலகத்தில் சேர்ந்த பிறகுதான் தெரிகிறது. ஷென்ஜென் நகரில் நாங்கள் வேலை பார்க்கும் நடைபாதை மரங்கள் பராமரிப்பு அலுவலகத்தில் ஒரு விதி உண்டு: மேலதிகாரியை விட நல்ல உடுப்பு உடுத்தக் கூடாது. இது எங்கும் எழுதப்படவில்லை. எழுதியிருந்தால் எப்போதோ மீறியிருப்போம்.

துணைத் தலைவர் மோ கைரனுக்கு அந்தச் சனிக்கிழமை இந்த விதிதான் பெரிய கவலை. தலைவர் யான் ஓய்வு பெறப் போகிறார். அந்த நாற்காலியில் யார் உட்காருவது என்று முடிவு செய்ய, மாகாணத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்த இயக்குநர் திங்கட்கிழமை வருகிறார். இயக்குநர் எளிமையின் சிகரம் என்று கேள்வி. எங்களில் யாரும் அவரைப் பார்த்ததில்லை. அவர் எளிமை என்றால் யான் அதைவிட எளிமையாக வரவேண்டும், மோ அதற்கும் ஒரு படி கீழே. பதினாறு வருஷமாகத் துணையாகவே இருந்து அலுத்துப்போன மனிதர் இதில் கோட்டை விடுவாரா?

"வீட்டுல இருக்கற பழச மாட்டிட்டுப் போங்களேன்," என்றாள் மனைவி ஷியூலின்.

"பழசு வேற, எளிமை வேற. பழசு போட்டா வக்கில்லாதவன்னு நினைப்பாங்க. எளிமையை அளவெடுத்துத்தான் தைக்கணும்."

எல்லை ரயில் நிலையத்துக்குப் பக்கத்து மாலில் ஐந்தாவது மாடி முழுக்கத் துணிக்கடை, தையல்கடை. காலையில் அளவு கொடுத்தால் சாயங்காலம் கோட்டு. இருவரும் பாங் மாஸ்டர் கடைக்குப் போனார்கள்.

"வாங்க தலைவரே! என்ன பதவி?" என்றார் பாங், இஞ்ச் டேப்பைக் கையில் எடுக்கும் முன்பே.

"துணைத் தலைவர்."

"மேல யாரு?"

"தலைவர் யான். மரங்கள் ஆபீஸ்."

"அட, குண்டா, காதுல மச்சத்தோட? நேத்துதான் வாங்கிட்டுப் போனாரு. அவருக்குத் தோளை ஒரு விரல் தொங்க விட்டிருக்கேன். உங்களுக்கு ரெண்டு விரல் விட்டுடலாம். காலர் கொஞ்சம் கோணலா வேணுமா?"

"விலை எவ்வளவு?" என்று குறுக்கே விழுந்தாள் ஷியூலின்.

"நல்லா தைச்சா ஐந்நூறு யுவான். கெடுத்துத் தைச்சா ஆயிரம்."

"எது? கெடுக்கறதுக்கு ஆயிரமா? நான் என் கையாலயே கெடுத்துத் தர்றேன், வாங்க வீட்டுக்கு!"

"அம்மா, நல்லா தைக்க இந்த மாடியில எல்லாருக்கும் தெரியும். வேணும்னே கெடுத்தது தெரியாம கெடுக்க என் ஒருத்தனுக்குத்தான் தெரியும்."

பேரம் பேசுவதில் ஷியூலினை அடித்துக்கொள்ள ஆளில்லை. இருநூறு என்றாள், முகத்தைத் திருப்பினாள், புருஷனை இழுத்துக்கொண்டு நடந்தாள். நகரும் படிக்கட்டு வரை போனால் கடைக்காரன் பின்னால் ஓடி வந்து கூப்பிடுவான், அதுதான் முறை. பாங் வரவில்லை. திரும்பிப் போனால் கௌரவம் என்ன ஆவது? இருவரும் படிக்கட்டில் கீழே இறங்கினார்கள். சும்மா இறங்கவில்லை என்று காட்ட நாலாவது மாடியில் ஒரு பெட்டி வாங்கினார்கள், மூன்றாவது மாடியில் அந்தப் பெட்டிக்குள் வைக்க ஆறு ஜோடி செருப்பு. எல்லாமே அடிமாட்டு விலை. ஆயிரத்தை இருநூறாகக் குறைக்கப் போனவர்கள் எழுநூறு செலவழித்துவிட்டு மேலே வந்து, சொன்ன விலைக்கே கோட்டு வாங்கினார்கள். அன்றைக்கு நல்ல லாபம் என்று ஷியூலின் இன்றைக்கும் சொல்கிறாள்.

கோட்டு பிரமாதம். கண்ணாடியில் பார்த்த மோவுக்கே தன்மேல் பரிதாபம் வந்தது.

திங்கட்கிழமை மழை. அலுவலகமே வாசலில் வரிசை கட்டி நின்றது. அடுத்து நடக்கப்போவதை யார் கண்டார்கள்? கார் வந்தது. முன்கதவு திறந்து ஒருவர் இறங்கினார். உடம்போடு ஒட்டிய கறுப்புக் கோட்டு, பளபளவென்று ஷூ. யான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். மோ இரண்டு கையாலும் பிடித்து, தலைவரை விட ஒரு சாண் அதிகமாகக் குனிந்தார். நாங்கள் கைதட்டினோம். அவர் வாயைத் திறக்கப் பார்த்த போதெல்லாம் இன்னும் பலமாகத் தட்டினோம்.

அதற்குள் பின்கதவு வழியாக ஒரு தொளதொளா ஆசாமி இறங்கினான். மோ தன் குடையை அவன் கையில் திணித்தார். "இந்தாப்பா, வேடிக்கை பார்க்காதே. ஐயா நனையாம பிடி!"

அவன் வாங்கிப் பிடித்தான். பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். அப்போதுதான் மோவின் கண் அவன் தோளில் விழுந்தது. அரை விரல் தொங்கல். பாங் மாஸ்டரின் கைவேலை. ஐயோ! இவர்தான் இயக்குநர். அதுவரை நாங்கள் குனிந்து குனிந்து வணங்கியது டிரைவர் சூயியை. ஊரிலேயே அவருக்குத்தான் யாரை விடவும் மோசமாக உடுத்த வேண்டிய கட்டாயம் இல்லை.

மோ அவசரமாகக் குடையைத் திரும்ப வாங்கப் போனார். இயக்குநர் தரவில்லை. எளிமையின் சிகரம் கோபப்பட முடியுமா? "இருக்கட்டும்," என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. "மக்களோட மக்களா நிக்கிறதுதான் என் கொள்கை."

மறுநாள் படம் பத்திரிகையில் வந்தது, நடுவில் டிரைவர், ஓரத்தில் குடையோடு இயக்குநர். தவறு என்று அறிவித்தால் இயக்குநரை யாருக்கும் தெரியவில்லை என்றாகும். அறிவிக்காவிட்டால் டிரைவர் அதிகாரியாகவே இருந்தாக வேண்டும். மேலிடம் ஆழ்ந்து யோசித்து சுலபமான வழியைத் தேர்ந்தெடுத்தது. ஊழியர்களின் தன்னிச்சையான மரியாதையை ஏற்கெனவே பெற்றுவிட்ட தோழர் சூயியை அலுவலகத் தலைவராக நியமித்து உத்தரவு வந்தது.

அன்றிரவு மோ சாப்பிடவில்லை. "பதினாறு வருஷம், ஷியூலின்," என்று அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். புதுத் தலைவர் ஜம்மென்று உடுத்துகிறவர். இனிமேல் துணைத் தலைவரும் ஒழுங்காக உடுத்தலாம். அந்த மட்டும் ஆறுதல்.

சூயி பொறுப்பேற்க வந்தார். பதவி வந்தால் புத்தியும் வந்துவிடும் போலிருக்கிறது. அவர் தோள் இரண்டு விரல் தொங்கியது.

மோ மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாலுக்கு ஓடினார். "மாஸ்டர், மூணு விரல்!"

பாங் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "துணியால முடியாதுங்க தலைவரே. இதுக்கு மேல வேணும்னா நீங்கதான் கொஞ்சம் குனிஞ்சு நிக்கணும்."

மோ குனிந்து பார்த்தார். கஷ்டமாகவே இல்லை. அவருக்குப் பின்னால் எங்கள் அலுவலகம் முழுக்க வரிசையில் நின்றது, நாலு விரலுக்கு.