புள்ளி எழுதிய லெக் பை

ஓசூருக்கு வந்த பதினோரு வருடத்தில் என்னை அவமானப்படுத்தாத ஆள் பாக்கியில்லை. வீட்டு ஓனரம்மா, டவுன் பஸ் கண்டக்டர், எங்கள் சூப்பர்வைசர் என்று எல்லாரும் அவரவர் பங்கைக் குறைவில்லாமல் செய்துவிட்டார்கள். ஆனால் தேதி, கிழமை, இது தொடர்ச்சியாக எத்தனையாவது தடவை என்ற விவரத்தோடு, மைக்கைப் பிடித்து அவமானப்படுத்திய ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பெயர் புள்ளி.

வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி எங்களுடையது. நான் தரப் பரிசோதனைப் பிரிவு, பர்மனென்ட். புள்ளி கான்ட்ராக்ட் ஆள்; சரக்கு அனுப்பும் பிரிவில் அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டுவார். ஆந்திர, கர்நாடக எல்லையோரம் பேரிகைப் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், கம்பெனியில் தமிழ். எண்ணுவது மட்டும் எந்த இடமானாலும் தெலுங்கில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மத்திகிரி மைதானத்தில் கம்பெனிகளுக்குள் நடக்கும் டென்னிஸ் பால் கிரிக்கெட்டுக்கு அவர்தான் ஸ்கோர் எழுதுவார். கவிழ்த்த பெயின்ட் டப்பாவில் உட்கார்ந்து, நீள நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, ரன் வராத பந்துக்கெல்லாம் ஒரு புள்ளி வைப்பார். அவர் வைக்கிற புள்ளி அடுத்த நாலு பக்கத்துக்கும் இறங்கும். பெயர் அப்படி வந்ததுதான்.

கிரிக்கெட்டோடு நின்றிருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம். ஒரு நாள் கேன்டீனில் போனைத் தடவிக்கொண்டிருந்தவரின் கண்ணில், அமெரிக்காவில் விளையாடும் பேஸ்பால் பட்டுத் தொலைத்துவிட்டது. ஆட்டம் அவருக்குப் புரியவில்லை. இன்றுவரை புரியவில்லை. பந்தை அடித்தவன் எதற்கு அந்த ஓட்டம் ஓடுகிறான் என்று கேட்டால், "அது எதுக்கு நமக்கு?" என்பார். அவரைப் பிடித்துக்கொண்டது அந்த ஆட்டத்தின் புள்ளிவிவரம்.

"தம்பி, அங்க ஒருத்தன் தொடர்ந்து ஐம்பத்தாறு மேட்ச்சு, ஒண்ணு விடாம, ஒரு அடியாவது அடிச்சிருக்கான். எண்பது வருசத்துக்கு மேல ஆச்சு. ஒருத்தனும் தாண்டல."

"சரிண்ணே, சோறு ஆறுது."

"இன்னொருத்தன் ரெண்டாயிரத்து அறுநூத்து முப்பத்திரெண்டு மேட்ச்சு ஆடியிருக்கான். ஒரு நாள் லீவு கெடையாது. அவனுக்குக் காய்ச்சல் தலைவலி வராதா? பழைய ரெக்கார்டை அவன் தாண்டின அன்னிக்கு மொத்த ஜனமும் எழுந்து நின்னு இருபத்திரெண்டு நிமிசம் கை தட்டுச்சாம். இருபத்திரெண்டு!"

சொல்லும்போது கையில் பிசைந்த சோறு அப்படியே காய்ந்துகொண்டிருந்தது. இன்னொன்றும் சொன்னார். அந்த ஆட்டத்தில் சந்தேகம் வந்தால், அது அடியா, எதிராளியின் தவறா என்று முடிவு செய்வது ஸ்கோர் எழுதுகிறவர்தானாம். "எழுதறவன் வச்சதுதான் சட்டம், தெரிஞ்சுக்கோ" என்றார். அன்றைக்குப் பிடித்தது எங்களுக்குச் சனி.

எங்கள் கேப்டன் மாதேஷ் தர்மபுரிக்காரன், பொறுமைசாலி. அவன் தொடர்ந்து பதினான்கு டாஸ் தோற்றதைப் புள்ளி மைக்கில் அறிவித்தார். பதினைந்தாவது டாஸுக்கு மாதேஷ் ரோஷத்தில் தன் மனைவியை அனுப்பினான். அவரும் தோற்றார். 'குடும்பச் சாதனை' என்று புள்ளி அதற்குத் தனிப் பக்கம் போட்டார்.

கம்பெனி பஸ்ஸையும் விடவில்லை. கேட்டுக்குள் அது நுழைகிற நேரத்தைத் தினமும் குறித்து, எழுபது நாளாக ஒரு நிமிடம்கூட லேட் இல்லை என்று டிரைவரிடமே போய்ச் சொல்லிவிட்டார். அதோடு அந்த மனுஷன் மாறிப்போனார். நான் ஒரு கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுகிறேன், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ரெக்கார்டு ஓடுதுப்பா, நாளைக்கு ஏறிக்க!" என்று சொல்லிவிட்டுப் போகிறார். இதைக் கேட்க நாதியில்லையா?

அதெல்லாம்கூடப் போகட்டும். அப்போது வீட்டில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிறு பேட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறேன், மைக் கரகரக்கிறது.

"அடுத்து ஆட வர்றது நம்ம தம்பி. தொடர்ந்து அஞ்சு பொண்ணு வீட்டுல வேணாம்னுட்டாங்க. நம்ம லீக்ல இது புது ரெக்கார்டு. எல்லாரும் ஒரு கை தட்டுங்க!"

தட்டினார்கள். எதிர் டீமும் தட்டியது. போண்டா விற்கிற அம்மா கரண்டியை வைத்துவிட்டுத் தட்டினார். எனக்குக் கோபத்தில் கண்ணே தெரியவில்லை. ஒரே ஒரு ரன் எடுத்து அவுட்டாகி வந்து, பேட்டை அவர் காலடியில் போட்டேன். அவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. தெலுங்கில் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார்.

"இரவை எனிமிதி!" என்று திடீரென்று கத்தினார். இருபத்தெட்டு! நான் ஒரு ரன்னாவது எடுக்காத மேட்ச்சே கடந்த இருபத்தெட்டில் இல்லையாம். எல்லாம் ஒன்று, இரண்டு, தப்பித்தவறி ஒரு நாலு. ஆனால் பூஜ்யம் கிடையாது. எங்கள் லீக்கில் யாருக்கும் இப்படி வந்ததில்லை.

சொல்லாமல் இருந்திருந்தால் நான் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருப்பேன். சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தூக்கம் போனது. எங்கள் வீட்டில் யாரும் எதிலும் முதலாவதாக வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் சாக்கு ஓட்டத்தில்கூட எனக்கு நாலாவது இடம்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த இருபத்தெட்டு முப்பதாக வேண்டும் என்று இருந்தது. ரொம்ப வேண்டும் என்று இருந்தது. இருபத்தொன்பதாவது மேட்ச்சில் கண்ணை மூடிக்கொண்டு வீசி ஒரு ரன் எடுத்ததும், மாதேஷ் அவசரக்குடுக்கை மாதிரி ஷீல்டுக்கே சொல்லிவிட்டான். என் பெயர், கீழே '30' என்று பெரிதாக.

முப்பதாவது மேட்ச். கடைசிப் பந்துக்குத்தான் எனக்கு ஆட இடம் கிடைத்தது. ஜெயிக்க ஒரு ரன் வேண்டும். பந்து வந்தது, சுற்றினேன், எங்கேயோ பட்டது, ஓடினேன். ஜெயித்துவிட்டோம்! மாதேஷ் என்னைத் தூக்கிவிட்டான். அப்போது மைக்கில் ஒரு குரல்.

"மேட்ச்சு ஜெயிச்சாச்சு. அந்த ரன்னு லெக் பை. தம்பி கணக்குல வராது. இருபத்தொம்போதோட முடிஞ்சுது."

லெக் பை என்றால் பந்து பேட்டில் படாமல் உடம்பில் பட்டு ஓடிய ரன். டீமுக்குச் சேரும், ஆடியவன் பெயரில் ஏறாது. என்னை மாதேஷ் அப்படியே கீழே போட்டான். அம்பயரிடம் ஓடினோம். அந்த ஆள் சாவகாசமாக, "நான் சரியா கவனிக்கலப்பா. ஸ்கோர் எழுதறவரையே கேளுங்க" என்றார்.

"அண்ணே, பேட்டுல பட்டுச்சு. சத்தியமா பட்டுச்சு" என்றேன்.

"தொடையில பட்டுது தம்பி."

"ஒண்ணுன்னு ஒரு கோடு போட்டா உங்க பேனா தேஞ்சா போயிரும்?"

"ஏன்ணா," என்று மாதேஷ் கெஞ்சினான், "ஷீல்டு வேற வந்துருச்சுண்ணா. முப்பதுன்னு அடிச்சுட்டான்."

"கடைக்காரன் அடிச்சதுக்கு நான் எழுத முடியுமா?" என்று நோட்டை மூடிவிட்டார்.

எதிர் டீமே, "எழுதிக்கோங்க, எங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்றது. மனுஷன் அசைந்தாரா? கல்லு! இருபத்தெட்டை எனக்குக் காட்டி, ஆசையை மூட்டி, முப்பதில் காலை வாரிவிட்ட அந்த ஆளைச் சும்மா விடுவதில்லை என்று முடிவு செய்தேன். மறுநாள் நான் லீவு போட்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை டீ நேரத்தில் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கப் போனேன். அவர் இடத்தில் வேறு ஒருவர் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"புள்ளி எங்க?"

"அவருக்குப் பிரேக்கு சார். நேத்திலிருந்து."

"என்ன பிரேக்கு?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க பர்மனென்ட்டா சார்?"

அப்புறம்தான் விளக்கினார். கான்ட்ராக்ட் ஆள் விட்டுப்போகாமல் தொடர்ந்து வேலை செய்தால் நாளைக்குப் பர்மனென்ட் கேட்டுவிடுவான். அதனால் கேட்பதற்கு முன்பே, பதினோரு மாதத்துக்கு ஒரு தடவை, ஒரு வாரம் 'வராதே' என்று சொல்லிவிடுவார்கள். திரும்பி வந்தால் புது டோக்கன், புது நம்பர், புது ஆள். ஒன்பது வருடமாக அதே மேஜையில் அதே டேப்பை ஒட்டுகிற மனுஷன் ஒன்பது தடவை புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். நானும் அதே கூரைக்குக் கீழேதான் இருந்தேன். எனக்குத் தெரியாது. நறுக்கென்று கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையோடு என் பிரிவுக்குத் திரும்பினேன்.

புதன்கிழமை காலை கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்குகிறேன், கேட்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் புள்ளி. கம்பெனிச் சட்டை இல்லை, கைலி. கையில் நோட்டு.

"என்னண்ணே, பிரேக்குல இங்க என்ன பண்றீங்க?"

"பஸ்ஸு நேரம் குறிக்கணும் இல்ல? நூத்தி நாப்பது நாளு ஆச்சு. நான் வராததால அவன் ரெக்கார்டு ஏன் கெடணும்?"

நோட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். பஸ்ஸுக்கு அடுத்த பக்கம் அவருடைய பக்கம். வேலைக்கு வந்த நாட்கள். ஒன்றிலிருந்து இருநூற்றுச் சொச்சம் வரை வந்து, 'பிரேக்'. மறுபடி ஒன்று. மறுபடி இருநூற்றுச் சொச்சம், 'பிரேக்'. இப்படி ஒன்பது வரிசை.

"அண்ணே, இது அநியாயம். நீங்களா லீவு போட்டீங்க? அவனுங்க நிறுத்துனது. சேர்த்து ஒரே வரிசையா எழுதுங்க."

"வராத நாளை வந்ததா எழுதச் சொல்றியா?" என்றார். டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொன்னார். "ரெண்டாயிரத்துச் சொச்சம் ஆடினான்னு சொன்னேனே, அவன் ரெக்கார்டு எப்படி நின்னுச்சு தெரியுமா? யாரும் நிறுத்தல தம்பி. அவனா போயி, இன்னிக்கு நான் ஆடலன்னு சொல்லிட்டு உக்காந்தான். குடுத்து வச்சவன்."

எனக்கு அந்தக் காலை நேரத்தில் யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது. மாதேஷையும் இழுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். "அது கான்ட்ராக்டர் விஷயம்" என்றார்கள். கான்ட்ராக்டரைக் கேட்டோம். "அது கம்பெனி விஷயம்" என்றார். இரண்டு பேரும் எங்களை உட்காரச் சொல்லவில்லை.

சனிக்கிழமை மாதேஷ் வீட்டில் டீமின் தகரப் பெட்டியைத் திறந்து, பழைய ஸ்கோர் நோட்டுகளை எல்லாம் வெளியே எடுத்தோம். ஒவ்வொரு மேட்ச்சுக்கும் கீழே புள்ளியின் கையெழுத்து. ஆளுக்குப் பாதியாக எண்ணினோம். அவர் ஸ்கோர் எழுத உட்கார்ந்த நாளிலிருந்து விட்டுப்போன மேட்ச் ஒன்றுகூட இல்லை. பிரேக் வாரங்களில்கூட வந்து எழுதியிருக்கிறார். ஊரில் உள்ள எல்லாருடைய தொடர்ச்சியையும் எழுதிய ஆளுக்கு இதை எழுதத் தோன்றவே இல்லை.

ஞாயிறு மேட்ச் தொடங்குவதற்கு முன்னால் மைக்கை நான் பிடுங்கினேன். கோபத்தில் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"இங்க ஒருத்தர் இருநூத்திப் பதினாலு மேட்ச், ஒண்ணு விடாம ஸ்கோர் எழுதியிருக்காரு. இதுக்கு எவனும் பிரேக் குடுக்க முடியாது. எல்லாரும் எந்திரிங்க!"

எழுந்தார்கள். இரண்டு டீமும், பஸ் டிரைவரும், போண்டா அம்மாவும் தட்டினார்கள். மாதேஷ் அந்த வீணாய்ப்போன ஷீல்டைக் கொண்டுவந்து கொடுத்தான். என் பெயரின் மீதும் '30'இன் மீதும் பேக்கிங் டேப் ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவில் '214' என்று எழுதியிருந்தோம்.

புள்ளி பெயின்ட் டப்பாவிலிருந்து எழவில்லை. ஷீல்டை மடியில் வைத்து, டேப்பை விரலால் தடவிப் பார்த்தார். ஒட்டின விதம் பிடிக்கவில்லை போல. பிறகு பேனாவை எடுத்து, '214'ஐ அடித்துவிட்டு, '211' என்று எழுதினார்.

"மூணு மேட்ச்சு மழையில டாஸு போடாமலே நின்னுச்சு. அதை எழுதக் கூடாது" என்றார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தார். "ரெண்டரை நிமிசம் தட்டினீங்க. அங்க இருபத்திரெண்டு. அதுக்குள்ள கை வலிச்சிடுச்சா எல்லாருக்கும்?"

மறுபடி தட்டினோம்.

சந்தடி அடங்கியதும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இவ்வளவு செய்தவனுக்கு ஒரு கோடு போடமாட்டாரா என்று ஒரு நப்பாசை. "அண்ணே, அந்த முப்பதாவது மேட்ச்..." என்று ஆரம்பித்தேன்.

"லெக் பை" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அதற்குப் பிறகும் அவருக்கு இரண்டு தடவை பிரேக் கொடுத்துவிட்டார்கள். நாங்களும் ஒவ்வொரு தடவையும் போய்க் கேட்கிறோம், அவர்களும் உட்காரச் சொல்வதில்லை. இந்தப் பிப்ரவரியில் பன்னிரண்டாவது தடவையாக அவர் ஒன்றிலிருந்து தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை வரிசை மட்டும் அறுபடாமல் போகிறது.

அந்த முப்பதாவது மேட்ச் முடிந்து வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போது பார்த்தேன். இடது தொடையில், பந்து அளவுக்கு, நீலமாகக் கன்றியிருந்தது. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, மாதேஷிடம்கூட. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவரிடம் சண்டை போடுகிறேன், அந்த ஒரு ரன்னை என் பெயரில் எழுதச் சொல்லி. அவர் மட்டும் எழுதிவிட்டார் என்றால், சத்தியமாக, அதற்கப்புறம் அவரோடு பேசமாட்டேன்.